பினாயில் ஊற்றிய இட்லி

அறுபத்து நாலோ அறுபத்தைந்தோ, ஒரு மழைக்காலம். பம்பாய் தாராவியில், தோல் பதனிடும் ஒரு பெரிய கொட்டகையின் வாசலில் நடந்தது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். விடியும்போது என் மனைவி அவித்துக் கொடுப்பாள். பெரிய அலுமினிய அண்டாவில் அடுக்கி, துணி போட்டு மூடி, சட்னி வாளியோடு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். கொட்டகை வேலைக்குப் போகிற ஆணும் பெண்ணும் நாற்பது ஐம்பது பேர் வாசலில் நின்றே சாப்பிடுவார்கள். சங்கு ஊதி உள்ளே போய்விட்டால் மத்தியானம் வரை வெளியே விடமாட்டார்கள். அதனால் பலருக்கு அதுதான் காலைச் சாப்பாடு.

அந்த வருஷம் எங்கள் சந்துகளில் வாந்திபேதி வந்திருந்தது. தெருவில் யாரும் தின்பண்டம் விற்கக் கூடாது என்று கார்ப்பரேஷன்காரர்கள் உத்தரவு போட்டார்கள். சந்து முழுவதற்கும் கொட்டகை வாசலில் இருந்த ஒரே குழாய்தான். சாக்கடையை ஒட்டி வந்த அந்தக் குழாயில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. அதைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரு நாள் காலை, பாதிப் பேர்கூடச் சாப்பிடவில்லை, சுகாதாரக் காடி, அதாவது கார்ப்பரேஷன் வண்டி, வந்து நின்றது. அதிகாரியும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். ஒருவன் கையில் பினாயில் டின். பொதுவாகவே நான் நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன்.

எனக்காகப் பேசியது தோலில் மயிர் சுரண்டுகிற ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அண்டாவுக்கும் டின்னுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"சாப், இட்லி கரம் ஹை! தொட்டுப் பாரும். ஆவி பறக்கதுல எந்தக் கிருமி உசிரோட இருக்கும்? கொட்டணும்னா சட்னியக் கொட்டும்!"

பக்கத்தில் பெல்ட் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "விடும்மா, பினாயில் ஊத்துன இட்லி தின்னா வயித்துல பூச்சியே வராது. சர்க்கார் நமக்கு மருந்து கொடுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் துணியை விலக்கி இட்லியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார், சட்னியில் ஊற்றியது காய்ச்சிய தண்ணீரா என்று.

இல்லை. பச்சைத் தண்ணீர்தான். சட்னி குறையும்போது அந்தக் குழாயிலேயே ஒரு சொம்பு பிடித்து ஊற்றிக் கலக்கிக்கொள்வேன். இட்லி விற்ற எல்லோரும் அப்படித்தான் செய்தோம். உண்மையைச் சொன்னால் சட்னி வாளி மட்டும் போகும், இட்லி தப்பும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றியது. ஆனால் தினமும் என் கையால் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

"போல்தா நஹி. டாலோ" என்றார் அதிகாரி. பேசமாட்டேன் என்கிறான், ஊற்று என்று அர்த்தம். சட்னியிலும் ஊற்றினார்கள், இட்லியிலும் ஊற்றினார்கள். ஊற்றி முடித்துவிட்டு, அந்தக் குழாயிலேயே கை கழுவிக்கொண்டு காடியில் ஏறினார்கள்.

சங்கு ஊதியது. சாப்பிடாமல் நின்றவர்கள் அதே குழாயில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனார்கள். அந்தப் பெண்ணும் குடித்தாள். அவளும் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. நோயைத் தடுக்க வந்தவர்கள், வெந்த இட்லியை அழித்துவிட்டு, அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுப் போனார்கள். இதை எந்தப் படித்தவர் எனக்கு நியாயம் என்று விளக்குவார்?

மூன்றாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. வாந்திபேதி என்று கூட வேலை செய்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. இரண்டு தடவை கேட் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். பிழைப்பாளா என்று கேட்டால் காவல்காரனுக்கும் தெரியவில்லை. அந்தப் பட்டினி நாள் குடித்த தண்ணீரா, முதல் நாள் நான் கொடுத்த சட்னியா, எதனால் வந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"பச்சத் தண்ணின்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி. வெறும் வயித்தோட தோலு ஊறுத சுண்ணாம்புத் தொட்டி பக்கத்துல நின்னா மயங்கி உள்ள விழுந்துருவோம். அதுக்கு இது தேவலன்னுதான் தின்னோம். அந்த ஆளு கேட்டாரே, ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

மறுநாளிலிருந்து சட்னியை நிறுத்திவிட்டு, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் மட்டும் வைத்தேன். ருசி போதாது என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். உத்தரவுக்குப் பயந்து, காடி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் விற்றேன். குழாய் அப்படியேதான் இருந்தது.

எது அதிக ஆபத்து, எது குறைந்த ஆபத்து என்று தினமும் தன் வயிற்றை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கிற ஜனங்களை ஒரு வார்த்தை கேட்காமல் உத்தரவு போடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் ஒரே ஒருவர் நின்று கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்றவன் நான் என்பதால், அந்த ஆத்திரத்தை முழுசாக அவர்கள் மேல் இறக்கிவைக்கவும் என்னால் முடியவில்லை.