நீலக் காரில் நான் கண்ட குறைகள்

இரவில் இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்னபோது அவரிடம் சண்டை போட்டேன். கிளாக்கோமா. இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது. பகலில் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம், அதுவும் சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால், என்றார். அமெரிக்காவில் ஹியூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருபத்தோரு வருடமாக இருக்கிறேன். இங்கே கார் ஓட்ட முடியாதவன் பால் வாங்கக்கூட யார் தயவையாவது எதிர்பார்க்க வேண்டும். பயந்துபோனேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்தக் கோபத்தோடுதான் ஆசையும் வந்தது. இத்தனை வருடமும் மைலேஜ் தரும் கார், திருப்பி விற்றால் விலை போகும் கார் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான். ஒரு முறையாவது பிடித்த காரை வாங்கி, கூரையை மடக்கிவிட்டு, பட்டப்பகலில் கடற்கரை வரை ஓட்ட வேண்டும். அதுவும் அறுபதுகளில் வந்த மசில் காராக இருக்க வேண்டும். நீண்ட முன்பக்கம், பெரிய எஞ்சின், கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். பழைய கார்களைப் பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஒரு மாதம் வீடியோ பார்த்து, எங்கெல்லாம் துரு பிடிக்கும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

விளம்பரம் பார்த்து ஒரு சனிக்கிழமை காலை நானும் மனைவியும் போனோம். ஒன்றரை மணி நேர தூரம், நான்தான் ஓட்டினேன். விற்பவர் எண்பதை நெருங்கும் வெள்ளைக்காரர். கராஜ் கதவைத் தூக்கினார். உள்ளே கார் நீல நிறத்தில் நின்றது.

"ஏனுங்க, புடிச்சிருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"ரொம்ப. எத்தன அழகா இருக்குது பாரு. மூஞ்சில காட்டிராத, ரேட்ட ஏத்திருவாரு."

ஈரோட்டில் சேலை எடுக்கப் போனாலும் நாங்கள் இப்படித்தான். பிடித்ததை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கரை சரியில்லை, சாயம் போகும் என்று ஆரம்பிப்போம். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் அது பழகிய விளையாட்டு. அங்கே பிடித்ததைக் காதுக்குள் கிசுகிசுக்க வேண்டும். டெக்சஸில் அந்தத் தொல்லையும் இல்லை. விற்பவர் முன்னாலேயே தமிழில் உருகிவிட்டு, ஆங்கிலத்தில் குறை சொல்லலாம்.

சொன்னேன். கதவுக்கடியில் துரு என்றேன். பின் சக்கரத்துக்கு மேலே பெயின்ட் ஒத்துப்போகவில்லை, வேலை தெரியாத யாரோ அடித்தது என்றேன். கூரைத் துணியைக் கிள்ளிப் பார்த்து, இதை மாற்றியாக வேண்டும் என்றேன். இடையிடையே மனைவியிடம், "ஸ்டியரிங்கப் பாரு, நகையாட்டம் இருக்குது" என்று தமிழில் சொல்லிக்கொண்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அவர் கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு விலை சொன்னேன்.

அவர் கராஜ் விளக்கை அணைத்தார்.

"அந்தப் பெயின்ட் என் மனைவி அடித்தது," என்றார். "போன வருடம் இறந்துவிட்டாள். துரு இருப்பது எனக்கும் தெரியும். இந்தக் காரை விரும்புகிற ஒருவருக்குக் கொடுக்க நினைக்கிறேன். உங்களுக்கு இதில் ஒன்றுமே பிடிக்கவில்லை. இத்தனை தூரம் வந்ததற்கு நன்றி."

பிடித்திருக்கிறது, மிகவும் பிடித்திருக்கிறது என்று பதறினேன். கேட்ட விலையையே தருகிறேன் என்றேன். எனக்கே அது பொய் போலக் கேட்டது. அவர் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டுக் கதவை இறக்கினார்.

கோபத்தில் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன், திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். கிழவருக்கு வியாபாரம் தெரியவில்லை, பேரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று கத்திக்கொண்டே வந்தேன். ஃப்ரீவேயில் ஏறியதும் அவள் கேட்டாள்:

"அவரு மேல என்னங்க தப்பு? எங்கிட்டயும் நீங்க அப்படித்தானுங்க. உப்புக் கம்மி, காரம் ஜாஸ்தி, அதான் எங்காதுல விழும். அவ இல்லீன்னா நான் இல்லீன்னு உங்க அக்காகிட்ட போன்ல சொல்றீங்களாமா. அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. நேராகப் பார்த்து உட்கார்ந்தால் இப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவள் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலையை முழுதாகத் திருப்ப வேண்டும். திருப்பினேன். கண்ணாடியைப் பார்த்து லேன் மாறிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீ நல்லா ஓட்டற," என்றேன். "எப்பவுமே நல்லாத்தான் ஓட்டுவ."

இரண்டு எக்ஸிட் தாண்டியபின், சாலையைப் பார்த்தபடியே, "இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.