போகாதே என்று சொல்லப் போன மலை

மனைவியிடம் போகாதே என்று சொல்ல வீட்டுக்குள்ளேயே எத்தனையோ இடம் இருக்க, அதற்கென்று அவளை மலை உச்சிவரை ஏற்றிக்கொண்டு போன மடையன் நான்தான். பிறர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

கல்யாணம் முடித்து ஏழு மாதம். மாத்தளை நகரத்தில் எனக்கு ஒரு சின்னப் பீங்கான் கடை. அவளுக்கு ஆங்கில ஆசிரியை நியமனம் வந்திருந்தது. நாலு வருடம் காத்திருந்த கடிதம். அதை மடித்துக் குர்ஆன் இருக்கும் தட்டில் வைத்திருந்தாள். பாடசாலை வில்கமுவப் பக்கம், கஷ்டப் பிரதேசம். தினமும் போய்வர முடியாது. அங்கேயே தங்கி வெள்ளிக்கிழமைகளில் வருவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை போய்ப் பொறுப்பேற்காவிட்டால் வேலை கைவிட்டுப் போகும்.

போகாதே என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. தூரத்தை அவளே கண்ணால் பார்த்துப் பயந்து நின்றுவிட்டால், பழி என்மேல் வராது அல்லவா? வில்கமுவப் பக்கம் தெரியும் ரிவர்ஸ்டன் மலைக்கு, உச்சியில் வண்ணத்துப்பூச்சி காட்டுகிறேன் என்று சொல்லி, சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். உம்ராவுக்கு மக்கா போன மாமா கொண்டுவந்த அத்தரையும் தாராளமாகப் பூசிக்கொண்டேன்.

ரத்தோட்டை தாண்டி, வளைவு வளைவாக ஏறி, நடைபாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். தட்டுகளை மேல்தட்டில் இருந்து கீழே இறக்குவதுதான் எனக்குத் தெரிந்த தேகப்பயிற்சி. பாதி ஏற்றத்திலேயே நாக்குத் தள்ளியது. அவள் முன்னால் போய்த் திரும்பி நின்றாள்.

“ஆறுதலா வாங்க. மலை எங்கயும் ஓடிப் போகாது.”

“நான் இயற்கைய ரசிச்சிக்கிட்டு வாறேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கே மரங்களெல்லாம் குள்ளம். கிளைகளில் பாசி தாடியாகத் தொங்கியது. காற்றுக்கு மறைவாக ஒரு பாறையடியில் உட்கார்ந்தோம். யாரோ பார்சல் கடதாசியைக் கிழித்துப் பறக்கவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இளமஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். கீழே பள்ளத்திலிருந்து, புல்லை ஒட்டி, ஒவ்வொன்றாக ஏறி வந்தன. காற்று பின்னுக்குத் தள்ளும்; கொஞ்சம் விழும்; மறுபடி ஏறும். மேட்டைத் தாண்டியதும் அந்தப் பக்கம் இறங்கி மறைந்துவிடும்.

“எல்லாம் பாவா ஆதம் மலைக்கு ஸியாரத்துக்குப் போகுது,” என்றேன். சிவனொளிபாத மலைக்கு எங்கள் பெயர் அது; வண்ணத்துப்பூச்சிகள் அங்கே யாத்திரை போவதாக ஊரில் சொல்வார்கள்.

எங்கள் தலைக்கு மேலே கறுப்பில் நீலப் பட்டை போட்ட இரண்டு, ஒன்றையொன்று சுற்றிச் சண்டை பிடித்தன. சுழன்று சுழன்று வானத்துக்கே ஏறின. ஒன்று மட்டும் இறங்கி வந்து பழைய இலையிலேயே உட்கார்ந்தது.

“அது ஆம்பிளப் பூச்சி,” என்றாள். “உச்சியப் பிடிச்சிக்கிட்டு, பொம்பிளப் பூச்சி வருமெண்டு பாத்துக்கிட்டே இருக்குமாம். வேற வேலையில்ல.”

“பாவம்.”

“கடைக்காரரு மாதிரி.”

அந்த நேரம் ஒரு மஞ்சள் பூச்சி என் சட்டைக் கையில் வந்து உட்கார்ந்தது. நான் அசையவில்லை. “பாத்தியா, என்ட அத்தருக்கு வந்திருக்கு.”

“அத்தருக்கில்ல. உங்கட வேர்வைக்கு. உப்புக் குடிக்குது.”

இதெல்லாம் நடந்து வருடங்களாகிவிட்டன; இப்போது அவள் நகரப் பாடசாலையில்தான் படிப்பிக்கிறாள். இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பாள். அந்த நடைபாதையில் சனிக்கிழமைகளில் சனக்கூட்டமாம். எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த ஒரு மணித்தியாலம்தான்: காற்று ஊதிப் பெருப்பித்த அவளுடைய பர்தா, மெல்லிய வெயில், என் கையில் மூடித் திறக்கும் இரண்டு சிறகுகள். அதைப் பார்க்க அவள் குனிந்தபோது, பூச்சி பறந்துவிடக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கினேன். வந்த காரியமே மறந்துபோயிற்று. அது பறந்த பிறகுதான் திட்டம் நினைவுக்கு வந்தது.

எழுந்து நின்று கிழக்கே கையை நீட்டினேன். மலைகள் படிப்படியாக இறங்கி, அதற்கப்பால் புகைபோல் சமவெளி.

“அந்தா பாரு. அந்தக் கடைசிதான் வில்கமுவ. எவ்வளவு தூரம்!” குரலில் கொஞ்சம் நடுக்கமும் சேர்த்தேன்.

அவள் நெற்றிக்குக் கையை மறைப்பாக வைத்து வெகுநேரம் பார்த்தாள். பயப்படுகிறாள் என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். நான் அந்தத் திசையைக் காட்டாமலே இருந்திருக்கலாம்.

“இவ்வளவுதானா?” என்றாள். “நான் மலைக்கு அங்கால எங்கயோ கண்காணாத இடமெண்டு நெனச்சி ராவு ராவா பயந்துக்கிட்டிருந்தேன். இது வீட்டு முற்றம் மாதிரித் தெரியுது.”

என்னிடம் சொல்லாமல் அவள் பயந்துகொண்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் பயத்தையும் நானே மெனக்கெட்டு, பெற்றோல் அடித்து, மலையேற்றித் தீர்த்துவைத்துவிட்டேன். இனி நடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. வாய்விட்டே கேட்டேன்.

“திங்கக்கிழம நீ போயிட்டா நான் என்னா செய்யிற?”

“சோறாக்கப் பழகுங்க.”