எட்டில் ஐந்து

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஜெராக்ஸ் அக்கா என்றால் போதும். யார் என்ன தாளை நீட்டினாலும், "எதுக்கும் இன்னொரு காப்பி எடுத்து வச்சுக்கங்க" என்பாள். பதினோரு வருடமாக அதே பேச்சு, அதே ஸ்டூல்.

கட்டடத்தின் எட்டுக் கடைக்காரர்களும் தங்கள் கம்ப்யூட்டர்களை இணைத்துப் பொதுவாக ஒரு சேமிப்பு வைத்திருந்தார்கள். யார் எதைப் போட்டாலும் எட்டுத் துண்டாகி, பூட்டப்பட்டு, கடைக்கு ஒன்றாகப் போய் உட்காரும். ஐந்து சேர்ந்தால் முழுசாகத் திரும்பி வரும். எந்தத் துண்டு யாருடையது என்று பார்த்தால் தெரியாது.

அவள் மகன் பேசிப் பதிவானதெல்லாம் அதில்தான் இருந்தது. ஆறு வயதில் காய்ச்சலில் போனவன். அவளுடைய போன் தண்ணீரில் விழுந்து செத்தபோதும் அவள் பதறவில்லை. "எம்புள்ள எட்டு எடத்துல இருக்கான்" என்றாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் அதைத் திரும்ப எடுத்துத் தரத் தேடிப் பார்த்தான். "நாலுதான்க்கா இருக்கு. நாலு கடையில அழிச்சிருக்காங்க."

அவள் மாடியேறினாள்.

"எடம் பத்தலக்கா. நான் ஒருத்தன் எடுத்தா என்ன கொறஞ்சிடப் போகுதுன்னு..." என்று இழுத்தார் மருந்துக்கடைக்காரர். தையல்காரரும் அதையே சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"ரெண்டாந்தடவ கொன்னுட்டீங்களே பாவிங்களா! வெளங்குவீங்களா நீங்க?" படிக்கட்டு முழுக்கக் கூட்டம். "நாலாவது எவன்?"

"விடுங்கக்கா" என்றான் பழுது பார்ப்பவன்.

"சொல்லுடா!"

"உங்க கடைதான். போன மாசம் காலண்டர் டிசைனுக்கு எடம் வேணும்னு நீங்களே அழிச்சிருக்கீங்க. தேதியோட இருக்கு. அது இருந்திருந்தா அஞ்சு ஆயிருக்கும்."

மற்றவர்களிடம் இருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அதுவரை குனிந்திருந்த தையல்காரரின் தலை நிமிர்ந்தது. "அப்ப சாபம் மட்டும் எங்களுக்கு எதுக்குக்கா? உன் பங்க நீ எடுத்துக்கலியா?"

யாரோ சிரித்தார்கள். அடக்கிக்கொள்ளவும் இல்லை.

அவள் கீழே வந்தாள். கடை வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் அடையாள அட்டையோடு காத்திருந்தார். ஜெராக்ஸ் மெஷின் மூடிக்கு அடியில் வெளிச்சம் ஓடி நின்றது. தாளை எடுத்து நீட்டினாள்.

"என்னக்கா, இன்னொரு காப்பி வேணும்னு இன்னிக்குச் சொல்லலியா?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.