விசிட்டுக்குக் கட்டிய பட்டை

என் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். நடந்துகொண்டே இருக்கும்போது வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அதைத்தான் தாங்கமாட்டார். யாரும் கைபிடிக்காமல் நடக்க வேண்டும், அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு ஒன்றும் கணுக்காலுக்கு ஒன்றுமாகப் பட்டைகள் கொடுத்தார்கள். எப்போது நடுங்குகிறது, எப்போது கால் நிற்கிறது என்று அதுவே பதிந்துகொள்ளுமாம். அதைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றுவார்களாம். பயிற்சி தனி. தரையில் கலர் டேப் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தாண்டி, கையை வீசி நடக்க வேண்டும். தேயிலை எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு, நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். அதனால் வெளியே வாசலில் ஒட்டினோம்.

மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. மேனேஜரான பெரிய துரை வேலையைப் பார்க்க விசிட் வருகிறார் என்றால் காய்ச்சலில் கிடப்பவனும் எழுந்து நின்று வேலை பார்ப்பான். இந்த மனுஷன் பட்டையையும் விசிட் என்றே எடுத்துக்கொண்டார். மாத்திரை பிடித்து உடம்பு லேசாக இருக்கும்போது கட்டிக்கொண்டு ஜோராக நடப்பார். கால் இழுக்கத் தொடங்கியதும் கழற்றி ஜன்னலில் வைத்துவிடுவார்.

“கழட்டக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?” என்று கத்தினேன்.

“விழுறதையெல்லாமா புள்ள அதுக்குக் காட்டுறது? நல்லா நடக்கிறப்ப பாக்கட்டும்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பட்டையில் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்த மலையாளி டாக்டர் சிரித்தார். “நல்ல மாற்றம் உண்டு கேட்டோ. இடையில கழட்டியிருக்கு, சார்ஜ் போட்டிருப்பீங்க. இதே மாத்திரை போதும்.” இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

மறுபடி கட்டி அனுப்பினார்கள். இந்த முறை நான் பக்கத்தைவிட்டு நகரவில்லை, கழற்ற விடவில்லை. அடுத்த தடவை டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதினார். கூட்டினாலும் பழைய நடை வராது, இனித் தனியாக நடக்க விட வேண்டாம் என்றார்.

மலையேறும் பஸ்ஸில் அவர், “போன தடவ நல்லாருக்குன்னு சொன்னாகளே?” என்று கேட்டார். தன் கையாலேயே கழற்றி வைத்த மனுஷன், அதை நிஜமென்று நம்பியிருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் பயிற்சிக்குக் கூப்பிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.