ஒரே சஹன், இரண்டு வயிறு

நோய் வந்தவரைப் பார்ப்பது டொக்டரின் வேலை. நோய் வராதவரையும் தேடிப்போய்க் கேள்வி கேட்பது எங்கள் வேலை. பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்கும் சகோதர சகோதரிகளே, இந்தப் படிப்பில் நாம் படும் பாடு நமக்குத்தான் விளங்கும். சாய்ந்தமருதிலிருந்து பஸ் ஏறி வீடு வீடாகப் போன என் பங்கைச் சொல்கிறேன்.

முழங்கால்

எனக்குப் படிக்க இடம் கிடைத்ததும் பக்கத்து வீட்டு ராத்தா முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டு வந்தார். நான் டொக்டர் இல்லை, ஒரு நோய் ஊருக்குள் எப்படி வருகிறது, ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது என்று தேடுவதுதான் என் படிப்பு என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு எழும்பினார்.

"அப்ப சரி புள்ள. ஊர் முழுக்க முழங்கால் நொந்தாத்தான் நீங்க வருவீங்க."

சுகமாக இருந்தவர்

பாலமுனையில் ஒரு கலியாண விருந்துக்குப் போன பலருக்கு வயிற்றோட்டம். பிள்ளைகள் சிலர் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறியபடி கிடந்தார்கள். இறைச்சி பழுது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. விரிவுரையாளர் என்னைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு அனுப்பினார். விருந்துக்குப் போய் நோய்ப்பட்டவர்களிடமும், ஒன்றும் வராதவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும்: என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள்?

நோய்ப்பட்டவர்கள் களைப்போடும் பதில் சொன்னார்கள். சுகமாக இருந்தவர்கள்தான் முகம் சுளித்தார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் என் கேள்வி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு ஒண்டும் வராததும் இப்ப குத்தமா, மகள்?"

கிடாரங்கள்

விருந்துக்குச் சமைத்த சமீம் காக்காவின் முற்றத்தில் பெரிய சமையல் கிடாரங்கள் கவிழ்ந்து கிடந்தன. அடுத்த கலியாண வீட்டார் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களாம். அவருடைய மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று கதவோரம் நின்று பார்த்தார். குடித்தேன். அதற்குப் பிறகுதான் சமீம் காக்கா வாய் திறந்தார். இறைச்சி வந்ததிலிருந்து பரிமாறி முடித்தது வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

"பிழை என்ட கையில எண்டா அதையும் எழுதுங்க மகள். இவ்வளவு பேர் கதைச்சும், என்னட்ட வந்து கேட்டது நீங்க மட்டுந்தான்."

சர்பத்

ஒரே சஹனை, அந்தப் பெரிய பொதுத் தட்டைச் சுற்றியிருந்து, ஒரே சோற்றையும் இறைச்சியையும் சாப்பிட்டவர்களில் சிலர் பாயில் கிடந்தார்கள்; சிலர் கடலுக்குப் போயிருந்தார்கள். சோற்றைத் தொடாமல் சர்பத்தை மட்டும் குடித்துவிட்டு விளையாட ஓடிய பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சர்பத் குடிக்காதவர்களுக்கோ ஒன்றுமில்லை. அதைக் கலியாண வீட்டார் கரைத்தது தங்கள் கிணற்றுத் தண்ணீரில், காய்ச்சாமல். மழைக்குக் கக்கூஸ் குழி நிரம்பிக் கிணற்றில் கலந்திருந்தது. தண்ணீரைச் சோதித்தபோதும் அதுதான் தெரிந்தது.

பிள்ளைகள் சுகமாகி வீடு வந்தார்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டார்கள். இதை மணமகளின் வாப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்த சனத்துக்கு நடுவில் சமீம் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை, அங்கே நின்ற பரிசோதகர் வந்து எனக்குச் சொன்னார்.

"இவர்ர சாப்பாட்டுல ஒண்டுமில்ல. என்ட கிணறுதான். மன்னிச்சிருங்க சமீம்."

விருந்தாளி

சில மாதம் கழித்துச் சம்மாந்துறையில் ஒரு கலியாணம். சமையல் சமீம் காக்கா. என்னை அழைக்கச் சொன்னதும் அவர்தான். பெண்களோடு சஹனைச் சுற்றி உட்கார்ந்தேன். யாரோ என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். சோற்றுக்குள் போன கைகள் அப்படியே நின்றன. எதிரே இருந்த மாமி சோற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல தின்னுங்க மகள். நாங்க பொறகு தின்னுறம்."

பட்டம் கைக்கு வரமுன்பே ஊர் விருந்துகளில் முதல் கவளம் எனக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. புரியாணி அருமையாக இருந்ததால் நானும் மறுப்புச் சொல்லவில்லை.