அறுத்த கயிற்றோடு வந்த மாடுகள்

சென்ற ஆண்டு பங்குனிக் கடைசியில் சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல எனக்கு ஓய்வு கிடைத்தது. மேல்சித்தாமூர் சமணக் கோயிலையும் பனமலை தாளகிரீசுவரர் கோயிலையும் பேருந்திலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். வழக்கமாக இங்கே நான் எழுதுவது எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பது போன்ற விஷயங்கள்தான். இதிலும் அவை உண்டு. ஆனால் பயணம் நான் நினைத்தபடி நடக்கவில்லை. இதை எழுதலாமா என்று பல மாதம் யோசித்து, கடைசியில் சம்பந்தப்பட்ட அம்மாவிடமே கேட்டேன். ஊர் பேரு மட்டும் வேண்டாம், மற்றதை எழுதுங்க என்றார். ஆட்களின் பெயர்களையும் நானே மாற்றியிருக்கிறேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்கு ஏறினேன். திண்டிவனத்துக்கு 85 ரூபாய். 7.35க்கு இறங்கி, நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டு, 8.10க்குச் செஞ்சிப் பேருந்தைப் பிடித்தேன். சாலையின் இருபுறமும் தர்பூசணிக் குவியல். அந்தப் பருவத்தில் திண்டிவனத்தைத் தாண்டினாலே அதுதான் காட்சி. மேல்சித்தாமூர் விலக்கில் இறங்கி ஆட்டோவில் போய், பதினோரு மணி வரை கோயிலில் இருந்தேன். பிராகாரத்தில் என்னைத் தவிர மூன்றே பேர். கல்தரை அப்போதே சுட்டது, காலுறை கொண்டுபோவது நல்லது. திரும்பி வந்து 11.30க்குத் திண்டிவனம் பேருந்தில் ஏறினேன். அங்கிருந்து 40 கிலோமீட்டர் விழுப்புரம், அங்கே இரவுத் தங்கல், மறுநாள் பனமலை. இதுதான் திட்டம்.

பக்கத்து இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. ஜெயமேரி என்று வைத்துக்கொள்வோம். கூலி வேலைக்குப் போகிறவர். செஞ்சியில் நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கி மடியில் வைத்திருந்தார். கூரையில் ஓட்டை, மழைக்கு முன்னால் மேலே போட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சன்னலுக்கு வெளியே, மொட்டைப் பாறைகளும் முள்ளும் மஞ்சம்புல்லுமாக இருக்கும் மலைமேல் புகை எழுந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

11.50க்கு அவருடைய போன் அடித்தது. கணவர் சவரிமுத்து. மலைப்புல் பற்றிக்கொண்டது, காற்று ஊர்ப் பக்கம் அடிக்கிறது, வீட்டுக்கு வராதே, மெயின் ரோட்டில் மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போ என்றார். இதை ஜெயமேரி எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் புகை சாலையின் குறுக்கே வந்துவிட்டது. ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, செஞ்சிக்கே திருப்பப் போகிறேன், இறங்குகிறவர்கள் இறங்கலாம் என்றார். ஜெயமேரி இறங்கினார். நானும் இறங்கினேன். அவருடைய தார்ப்பாயை நான் வாங்கிப் பிடித்திருந்தேன். அவ்வளவுதான்.

அந்த ஊர் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மலையடிவாரத்தில் இருக்கிறது. முதலில் காலனி, அதைத் தாண்டி ஊர், அதற்கும் அப்பால் சவுக்குத் தோப்பும் மாட்டுக் கொட்டகைகளும். தீ மலைப்புல்லிலிருந்து தோப்புக்கு இறங்கியது. தோப்பிலிருந்து பொறி பறந்து வைக்கோல் போர்களில் விழுந்தது. போர்களுக்குப் பக்கத்தில்தான் கொட்டகைகள், அங்கிருந்து ஊரின் மாடி வீடுகளைத் தாண்டி, காற்று வாக்கில் காலனியின் கூரை வீடுகள். எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பீடி என்றார்கள், தேன் எடுக்கப் போனவர்கள் போட்ட புகை என்றார்கள்.

நாங்கள் நடந்துபோய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசலில் தர்பூசணி ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று நின்றது. ஓட்டுநர் குமரவேல் திண்டிவனத்துக்காரர், இந்த ஊருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தனி ஆளாகப் பழங்களை இறக்கிப் புளியமரத்தடியில் உருட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நாலைந்து பேர் கைகொடுத்தோம். முழு லோடும் இறங்குவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்.

“பழம் கெடந்தா கெடக்கட்டும். ஆளுங்கள ஜல்தியா ஏத்திக்கினு வந்துடறேன்” என்று வண்டியை ஊருக்குள் விட்டார். ஒன்றரை மணிக்குள் ஆறு நடை அடித்தார். டிராக்டர்களும் பைக்குகளும் வந்தன. நடந்தும் வந்தார்கள், தலையில் காஸ் அடுப்பு, கையில் ரேஷன் கார்டு, இடுப்பில் குழந்தை. ஒருவர் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். இளவட்டங்கள் புங்கங்கிளையை ஒடித்துக்கொண்டு எதிர்த்திசையில் தீயை அடிக்கப் போனார்கள். மருந்து அடிக்கும் டேங்குகளில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. தீயணைப்பு வண்டியும் வனத்துறை ஆட்களும் வந்துசேர்ந்தபோது தோப்பு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பாதர் என் கையில் நோட்டைப் பார்த்தார். பேருந்து நேரம் குறிக்க நான் வைத்திருக்கும் நோட்டு. “குடும்பம் குடும்பமா எழுதுங்கம்மா. ஒருத்தரையும் விட்டுடாதீங்க. யாரு வரலன்னு அதுலதான் தெரியும்” என்றார். கேட் அருகே பெஞ்சு போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஊர்க்காரர்கள் சிலர் உள்ளே வராமல் வெளியே மரத்தடியிலேயே நின்றார்கள். காலனிப் பெண்கள்தான் அவர்களுக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தவர்களும் உண்டு, வேண்டாம் என்றவர்களும் உண்டு. புகை அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு நோட்டில் எல்லா வீடும் வந்துவிட்டது. ஜெயமேரி பெயருக்குப் பக்கத்தில் மட்டும் காலி இடம். மகள் புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள், அங்கே பத்திரமாக இருக்கிறாள். சவரிமுத்து வரவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. வேலை செய்கிற வீட்டு மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

2.40க்கு முதல் மாடு வந்தது. புகைக்குள்ளிருந்து தார்ச்சாலைக்கு ஓடிவந்து, வாயில் நுரையோடு நின்றது. கழுத்தில் ஒரு முழம் நைலான் கயிறு தொங்கியது. பின்னாலேயே இரண்டு வந்தன. அவற்றின் கழுத்திலும் அப்படியே. நைலான் முடிச்சை மாடு இழுக்க இழுக்க அது இறுகும், கையால் அவிழ்க்க முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஜெயமேரி எழுந்து போய் ஒரு மாட்டின் கயிற்று நுனியைப் பிடித்துப் பார்த்தார். கத்தி பட்ட வெட்டு, ஒரே சீராக இருந்தது.

“அவருதான். அறுத்து வுட்டுக்கினு இருக்காரு” என்றார்.

அதன்பிறகு அவர் கேட்டை விட்டு நகரவில்லை. மாடுகள் இரண்டும் மூன்றுமாக வந்துகொண்டே இருந்தன. இது கடைசி வீட்டு மாடு, இது கோவிந்தசாமி வீட்டுச் சிவப்பு, இது டீச்சர் வீட்டு ஜெர்சி என்று பின்னால் நின்றவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்கு அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. தன் முதலாளி மாடுகளை அறுத்துவிட்டதோடு அவர் நிற்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஏன் போட்டேன் என்றால், ஒவ்வொரு கோட்டுக்கும் ஜெயமேரியின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. சவரிமுத்துவை எட்டிப்பிடிக்க உள்ளே போன இரண்டு பேர் அனல் தாங்காமல் திரும்பி வந்தார்கள்.

4.20க்கு ஒரு கன்றுக்குட்டி வந்தது. அது முப்பத்தொன்றாவது கோடு. முதுகில் முடி பொசுங்கியிருந்தது.

பிறகு ஒன்றும் வரவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ தர்பூசணி வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயமேரி மாடு எதுவும் பாக்கி இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. எங்களில் யாரும் சொல்லவும் இல்லை. இன்னும் நான்கு இருந்தன என்று எல்லோருக்கும் தெரியும்.

5.10க்குத் தீயணைப்புக்காரர்கள் சவரிமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ந்த வாய்க்காலில் கிடந்தாராம். உயிர் இருந்தது. ஆம்புலன்சில் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜெயமேரி அதிலேயே ஏறிக்கொண்டார். நான் தார்ப்பாயைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் விரித்துவிட்டு வந்தேன், அதன்மேல் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. குமரவேல் என்னைத் திண்டிவனம் வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து பேருந்தில் விழுப்புரம் போய்த் தங்கினேன்.

மறுநாள் காலை பனமலைக்குப் போக மனம் வரவில்லை. விழுப்புரத்திலிருந்து பேருந்தில் முண்டியம்பாக்கம் போனேன். கால்மணி நேரப் பயணம். தீக்காய வார்டுக்கு வெளியே ஜெயமேரியும் மகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், காலனியிலிருந்தும் ஊரிலிருந்தும். டிபன் கேரியரில் சோறு, தெர்மாஸில் காபி, மாற்றுப் புடவை. நேற்று வீடு எரிந்தவர்கள்தான் அவற்றை எங்கோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் கோவிந்தசாமி வந்தார். சவரிமுத்து வேலை செய்த வீட்டுக்காரர், அறுபது வயது இருக்கும். நேற்று ஓடிவந்த மாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தவர். ஜெயமேரிக்கு எதிரே தரையில் உட்கார முயன்று, முட்டி மடங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“நான்தாம்மா போன் பண்ணேன்” என்றார். “தீ தோப்புலதான இருக்குது, ஒரு எட்டு போயி மாட்ட அவுத்து வுட்டுட்டு வாப்பான்னு நான்தான் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லல. உங்கிட்ட சொல்லாம இருக்க முடியல.”

அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மகள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். ஜெயமேரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“நீங்க சொல்லலன்னாலும் போயிருப்பாரு” என்றார். பிறகு, “ஆனா நீங்க சொன்னீங்க” என்றார்.

கோவிந்தசாமி போகவில்லை. சாயங்காலம் நான் சென்னைக்குக் கிளம்பும்போதும் அதே சுவரோரம் நின்றிருந்தார்.

சவரிமுத்து மூன்றாம் நாள் இறந்தார். குமரவேல் போன் செய்து சொன்னார். அலுவலகத்தில் சொல்லிவிட்டு அடக்கத்துக்குப் போனேன். கோயிலிலிருந்து கல்லறை முக்கால் கிலோமீட்டர், எரிந்த சவுக்கின் வாசனைக்குள் நடந்தோம். ஊர்க்காரர்களும் வந்தார்கள். பலருக்குக் கல்லறைக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை, முன்னால் போனவர்களைப் பார்த்துத் திரும்பினார்கள். காலனியில் பாதிக்கு மேல் கூரைகள் இல்லை. நான்கைந்து வீடுகளின் சுவரில், கூரை வேயத் தென்னங்கீற்று சாத்தியிருந்தார்கள்.

ஆவணியில் மறுபடி போனேன். பனமலையை அப்போதுதான் பார்த்தேன். விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் வழியில் போகும் பேருந்தில் ஒரு மணி நேரம். படி ஏறக் கால்மணி நேரம் போதும். மேலே சுவரில் மங்கிய அந்தப் பல்லவர் கால ஓவியத்தைப் பார்க்கக் காலை வெளிச்சமே நல்லது. ஏரி அழகு. மேற்கொண்டு எழுத என்னிடம் இல்லை, மன்னிக்கவும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பங்குனி, சித்திரையில் இந்த மலைகளில் ஏறாதீர்கள். ஏறினால் தீப்பெட்டியைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். புகை தெரிந்தால் படம் பிடித்துக்கொண்டு நிற்காமல் 101க்குச் சொல்லுங்கள். கிராமத்தில் தங்க நேர்ந்து அங்கே கால்நடை இருந்தால், கயிற்று முடிச்சை ஒரே இழுப்பில் அவிழும்படி போடச் சொல்லிப் பாருங்கள். இந்த ஊரில் இப்போது எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். மாடு அடிக்கடி அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள், ஆனாலும் மாற்றவில்லை.

அந்த ஊர்ச் சாலையில் திண்டிவனத்துக்கு முதல் பேருந்து காலை 6.10. இரவு பாதர் சொன்ன வீட்டில் தங்கி, அதில்தான் திரும்பினேன். ஜெயமேரியும் அதில்தான் வந்தார். முன்பு வேலை செய்த கோவிந்தசாமி கழனிக்கு அவர் இப்போது போவதில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை பிடுங்கப் போகிறார், ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்திருக்க வேண்டும். கோவிந்தசாமி இரண்டு தடவை வந்து கூப்பிட்டாராம். கோபமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, அந்த மாடுங்க என்னைப் பார்த்தா கத்துதுங்க என்றார்.

மழைக்குப் பிறகு மலை பச்சையாகிவிட்டிருந்தது. பேருந்தில் கூட்டமே இல்லை. மலைப் பக்கத்துச் சன்னல்கள் அத்தனையும் காலியாக இருந்தும், ஜெயமேரி என்னைத் தாண்டி மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.