கலுங்கு மேல் மண்மூட்டை

முனீஸ்வரியை யாரும் ஆசைப்பட்டுத் தலைவராக்கவில்லை. திருவாதவூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், கண்மாய்ப் பாசன சங்கத்துக்குத் தலைவர் யார் என்று வந்தபோது ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பொதுவாக ஓர் ஆள் வேண்டும். தவசி பொண்டாட்டி வாயில்லாத பிள்ளை, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் என்று அவளை உட்கார வைத்தார்கள். வாயில்லாத பிள்ளையாம்! தவசியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கண்மாய் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து அடுத்த ஊருக்குப் போவதற்காகக் கரையோரம் கருங்கல்லில் கலுங்கு கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்கள் கணக்குப் பார்த்துத்தான் அந்த உயரத்தில் கட்டினார்கள். நம் ஆட்களுக்கு அது பொறுக்குமா? நம்ம தண்ணி அடுத்த ஊருக்கு எதற்கு என்று கலுங்கின் மேல் மண்மூட்டைகளை அடுக்கி, இன்னும் ஒரு முழம் தேக்கி வைப்பார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஒரு முழம்தான் பயிருக்கு உயிர். ஆனால் கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில், கூலிக்காரி சீனியம்மாள் வீட்டையும் சேர்த்து ஒரு தெருவே இருக்கிறது. கரை உடைந்தால் முதலில் போவது அந்தத் தெரு.

போன வருடம் செல்போனில் கனமழை எச்சரிக்கை வந்தபோது முனீஸ்வரி பதறிப்போய் ஊரைக் கூட்டி, "கண்டிப்பாப் பெய்யும்" என்று சொல்லி மூட்டைகளை இறக்க வைத்தாள். ஒரு முழம் தண்ணீர் ஓடிப்போனது. மழையோ கடலோரத்தோடு போய்விட்டது, இங்கே தூறல்கூட இல்லை. பாதி வயல் பதராகிப்போக, ஊரே அவளைக் கரித்துக் கொட்டியது. தவசியின் தம்பி அருள்பாண்டி அவளுக்கு 'செல்போன் ஜோசியக்காரி' என்று பெயர் வைத்து, அவள் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டு திரிந்தான். பதராய்ப் போனதில் அவள் வயலும் உண்டு. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்!

இந்த மார்கழியில் கண்மாய் முட்ட நிறைந்து, மூட்டைகளின் கழுத்துவரை தண்ணீர் நின்றது. காலையில் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. அனுப்பியவர் டயானா, விவசாயிகளுக்கு வானிலைச் செய்தி அனுப்பும் ஆபீசில் மதுரையில் வேலை பார்ப்பவர். முனீஸ்வரி அவருக்குப் போன் போட்டாள்.

"மேடம், சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. இன்னைக்குப் பெய்யுமா, பெய்யாதா?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. நூறு தடவை வானம் இந்த மாதிரி இருந்தா, எழுவது தடவை பெரிய மழை பெய்யும்."

"மிச்சம் முப்பது?"

"போன வருசம் நீங்க மாட்டுனது அந்த முப்பதுலதான். அப்பவும் எழுவதுன்னுதான் அனுப்புனோம். கண்டிப்பான்னு நாங்க சொல்லலைக்கா."

முனீஸ்வரிக்குச் சுருக்கென்றது. எழுபது என்று சொன்னால் எவன் வேலை வெட்டியை விட்டு வருவான் என்று, எழுபதை நூறாக்கியது அவள் வாய்தான்.

ஊர் மந்தைத் திடலில் கூட்டம் போட்டாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அவளுடைய கெட்ட நேரம், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை.

"மண்டையப் பொளக்குது வெயிலு. மதினி மழை வருதுங்கிறாக!" என்றான் அருள்பாண்டி. கூட்டம் சிரித்தது.

"வரும்னு அடிச்சுச் சொல்லலை தம்பி. நூத்துக்கு எழுவது வரும்கிறேன். வராமப் போறதுக்கும் முப்பது இருக்கு."

"பாத்தீகளா! சொல்றவுகளுக்கே நம்பிக்கை இல்லை. இதை நம்பி நாங்க தண்ணிய ஊத்திவிடணுமாக்கும்!"

உண்மையைச் சொன்னதற்கு இதுதான் மரியாதை. 'கண்டிப்பா' என்ற சொல் முனீஸ்வரியின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் நாலு பேராவது பயந்து எழுந்திருப்பார்கள். சொல்லலாமா? கூட்டத்துக்கு வெளியே சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வயல் இல்லாத அவளுக்குச் சங்கத்தில் பேச உரிமை கிடையாது. முனீஸ்வரி அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"எழுவதுதான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. மழை வரலைன்னா என் வயலுக்கு உள்ள முறைத்தண்ணிய நீங்களே பிரிச்சு எடுத்துக்கங்க."

அங்கே கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். முறையை விட்டுக்கொடுத்தால் அந்த வருடத்து விளைச்சலையே விட்டுக்கொடுத்த மாதிரி. தவசி துள்ளி எழுந்தான்.

"அடியே, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? அப்பறம் சோத்துக்கு என்ன செய்ய?"

"சீனியம்மா வீடு போச்சுன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சோறு திங்க?"

தவசி தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் கலுங்குக்கு முதலில் நடந்தவன் அவன்தான். இப்படி ஒரு புருஷன்! மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். மூட்டைகள் இறங்கியதும் தண்ணீர் இரைந்து கொட்டியது. பார்க்க மாட்டாமல் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சாயங்காலம்வரை வெயில் அப்படியே நின்றது. முனீஸ்வரி கரையை விட்டு நகரவில்லை. சைக்கிளில் போகிறவன்கூட வானத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். தன் பயிர் கருகிக் கிடப்பதுபோலவே அவளுக்குத் தோன்றியது. ஏன் வாயை விட்டோம், ஊருக்கில்லாத அக்கறை நமக்கு எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பொழுது விழும்போது வடகிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பெய்தது பாருங்கள், அப்படி ஒரு மழை! எதிர்வீடு தெரியவில்லை. விடியும்வரை விடவில்லை.

காலையில் ஊரே கரைக்கு ஓடியது. முழுக் கலுங்கும் வழிந்துகொண்டிருந்தது. கரை முகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம். அருள்பாண்டி கரையைக் காலால் மிதித்துப் பார்த்தான்.

"கல்லு மாதிரில்ல நிக்குது கரை! இதுக்குப் போயா அம்புட்டுத் தண்ணிய ஊத்திவிட்டோம்?"

"ஒரு சாண்தான் தம்பி மிச்சம். மூட்டை இருந்திருந்தா..."

"இருந்திருந்தா, இருந்திருந்தா! கரை ஒடைஞ்சதா? அதச் சொல்லுங்க."

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. முனீஸ்வரிக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. மழை பெய்யாவிட்டாலும் ஏச்சு, பெய்தாலும் ஏச்சு. நடந்ததைக் காட்டலாம், நடக்காமல் தடுத்ததை எந்தக் கண்ணுக்குக் காட்டுவது?

பேசியது சீனியம்மாள். நனைந்த சேலையோடு கரையேறி வந்தவள், குத்தலே இல்லாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கரை ஒடையலைன்னு ஒங்களுக்கு வருத்தமாண்ணே?"

அருள்பாண்டி மிதிப்பதை நிறுத்தினான். கீழே பார்த்தான். அவன் நின்ற இடத்துக்கு நேர் கீழே அவள் வீட்டு ஓடு. வாசலில் கட்டியிருந்த ஆடு குழை தின்றுகொண்டிருந்தது. உள்ளே யாரோ குழந்தையைக் கொஞ்சும் சத்தம் மேலேவரை கேட்டது.

பிறகு, மழைதான் ஓய்ந்துவிட்டதே, வழிவது அடங்கியதும் தேக்கலாம் என்று ஆட்கள் மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். அருள்பாண்டியும் ஒன்றைத் தோளில் ஏற்றினான். முனீஸ்வரி போனைப் பார்த்துவிட்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு மறுபடி இருக்காம். ஆனா நாப்பதுதான். வராமப் போறதுக்குத்தான் அறுவது. ஒங்க இஷ்டம்."

"நாப்பதா?"

"நாப்பதுதான்."

அருள்பாண்டி தோளில் மூட்டையோடு கலுங்கைப் பார்த்தான், ஓட்டு வீட்டைப் பார்த்தான். பிறகு மூட்டையைத் தொப்பென்று கரையிலேயே போட்டான்.

"கெடக்கட்டும்டா. ரெண்டு நாள் பாத்துட்டு வைப்போம்."